நாலு பேருக்கு ஒரு விலா

2024 சோளகக் காற்றில் எங்கள் நாலு பேரில் ஒருவருக்கு விலா என்பு உடைந்தது. யாருக்கு என்று எழுதுவதில்லை என்று நாலு பேரும் இருந்து கதைத்து முடிவெடுத்திருக்கிறோம். காரணம் ஒன்று தான். நாலு வீட்டிலும் இதை வாசிக்கக்கூடிய ஆள் ஒருவராவது இருக்கினம். ஒரு வீட்டில் மச்சாள், ஒரு வீட்டில் தம்பி, இன்னொரு வீட்டில் எல்லாத்தையும் வட்ஸப்பில் அனுப்பி வைக்கிற மாமா. ஆகவே இந்தக் கட்டுரை முழுக்க விழுந்தது "ஆள்". ஆணா பெண்ணா, எந்த ஊர், எந்த வார்டு என்றெல்லாம் கேட்கவேண்டாம். இரண்டு பெண்களும் இரண்டு ஆண்களும் போனோம், அவ்வளவு தான் சொல்லலாம்.

அந்த வருசம் மே மாதம் பல்கலைக்கழகக் கல்விசாரா ஊழியர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினது நினைவிருக்கும். இரண்டு மாதத்துக்கு மேல் இழுபட்டது. கலைப்பீடத்தில் எங்களுக்கு அப்போது எழுதவேண்டிய ரியூட் எதுவும் இல்லை. வீட்டில் இருந்தால் "சும்மா தானே இருக்கிறாய்" என்று தொடங்கும். எங்களில் ஒருத்தியின் சாச்சி கற்பிட்டியில் இருக்கிறா. 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரில் இருந்து கடல் வழியாக வந்து அங்கேயே தங்கிவிட்ட குடும்பம். "வாங்க புள்ளைகள், வீடு பெரிசு, மனிசர் தான் இல்ல" என்றா. போனோம்.

பாலாவியில் திரும்பி உள்ளே போகப் போக இரண்டு பக்கமும் தண்ணி, இடையில் உப்பு, தென்னை, பிறகு காற்றாலைகள். காற்றாலைகளைக் கண்டதும் எங்களுக்கு விளங்கியிருக்க வேண்டும், இந்த இடத்தில் காற்று என்ன வேலை செய்யும் என்று. அந்த நேரம் ஃபோட்டோ எடுத்துக்கொண்டிருந்தோம்.

மே முதல் ஒக்டோபர் வரைக்கும் கற்பிட்டிக் களப்புக்குக் காற்றைத் தேடி உலகம் முழுக்க இருந்து ஆட்கள் வருகினம். பெரும்பாலும் கைற் சேர்ஃபிங். வானத்தில் பெரிய வளைந்த பட்டங்கள், கீழே பலகையில் மனுசர். எங்கள் கதை பட்டத்தின் கதை இல்லை. சாச்சியின் பக்கத்து வீட்டு நானா ஒரு முகாமில் வேலை செய்தார். அந்த முகாமின் பின்பக்கக் கொட்டிலில் தூசி பிடித்து நாலைந்து விண்ட் சேர்ஃபிங் பலகைகள் கிடந்தன. பட்டம் வந்தபிறகு அதைத் தொடுகிற ஆட்கள் குறைவு. பின்னேரங்களில் பலகைகளைக் கழுவி, பாய்களை உப்புப் போக நல்ல தண்ணியில் அலசிக் காயப்போட்டால், அந்தப் பழசுகளில் பழகலாம் என்று ஒப்பந்தம். காசு இல்லை. எங்களிடமும் இல்லை, அவர்களும் கேட்கவில்லை.

ஒரு விசயத்தை ஒளிக்காமல் சொல்லவேண்டும். நாங்கள் நாலு பேரும் கடலுக்குப் பக்கத்தில் வளர்ந்த பிள்ளைகள். நாலு பேரில் இரண்டு பேருக்கு நீந்தத் தெரியாது. 2004 மார்கழிக்குப் பிறகு எங்கள் அம்மாமார் கடலைப் பார்க்கிற விதமே வேற. எங்களில் ஒருவர் அந்த நேரம் கைக்குழந்தை. ஆனால் "கடற்கரைப் பக்கம் போகாதே" என்ற சொல்லுக்குள் தான் வளர்ந்தோம். கடற்கரைக்குப் போவோம், கச்சான் வாங்குவோம், காலை நனைப்போம், திரும்பி வருவோம். கற்பிட்டிக் களப்பில் நெஞ்சளவுத் தண்ணியில் நின்றபோது எங்களில் ஒருத்தி அழுதாள். பயத்தில் இல்லை என்று தான் இண்டைக்கும் சொல்கிறாள்.

முதல் கிழமை நீச்சலும் மிதப்பும் தான். உயிர்காப்பு அங்கி இல்லாமல் நானா ஒருவரையும் பலகையில் ஏற விடவில்லை. அதில் அவர் அரை அங்குலம் கூட இறங்கி வரமாட்டார்.

இந்த விளையாட்டு பழசும் இல்லை, புதிசும் இல்லை. 1964இல் அமெரிக்காவில் நியூமன் டார்பி என்ற ஒருவர் பலகையில் பாயைப் பிடித்துக்கொண்டு நின்று ஓட்டிக் காட்டினார். சில வருசத்தில் கலிபோர்னியாவில் ஜிம் டிரேக், ஹொய்ல் ஷ்வைட்சர் என்ற இரண்டு பேர் இப்போதைய வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டார்கள். 1984இல் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. எங்களுக்குத் தேவையான விசயம் இதற்குள் ஒன்று தான்: பாய்மரத்தின் அடியில் எல்லாப் பக்கமும் மடங்கக்கூடிய ஒரு மூட்டு இருக்கு. வள்ளத்தில் பாய்மரத்தைக் கயிறு இழுத்துப் பிடித்திருக்கும், மனுசர் இருந்துகொண்டு போகலாம். இங்கே கயிறு செய்கிற வேலையை உடம்பு செய்யவேண்டும். இதன் சந்தோசம் முழுக்க அந்த மூட்டில் தான் இருக்கு. ஆபத்தும் அங்கே தான்.

சின்னச் சின்ன வலிகள் முதல் நாளே தொடங்கிவிட்டன. தண்ணியில் விழுந்து கிடக்கிற பாயை ஒரு தடித்த கயிற்றால் இழுத்து நிமிர்த்தவேண்டும். பாய்க்கு மேல் தண்ணி நிற்கும், கல்லு மாதிரிக் கனக்கும். முதுகை வளைத்து இழுத்தால் இரவு நாரி பிடிக்கும். முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்து, உடம்புப் பாரத்தால் இழுக்கவேண்டும் என்று நானா நூறு தரம் சொன்னார். நாங்கள் நூற்றியோராவது தரம் விளங்கிக்கொண்டோம். உள்ளங்கையில் கொப்புளம் வந்து, உடைந்து, உப்புத் தண்ணி பட்டு எரிந்தது. சிப்பி காலை வெட்டியது. விழுந்து மேலே வரும்போது இரண்டு கையையும் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு வரவேண்டும், இல்லாட்டிப் பாய்மரம் மண்டையில் விழும். இதை ஒரு தரம் மறந்தவருக்கு நெற்றியில் புடைத்தது, நாங்கள் சிரித்தோம். தலைகீழாகக் குதிக்கவே கூடாது, களப்பு ஆழமில்லை, கழுத்துப் போய்விடும். தட்டையாக விழவேண்டும்.

முதல் கிழமைப் பாடங்களில் எல்லாத்துக்கும் மேலான பாடம் ஒன்று இருந்தது. "கட்டுப்பாடு போனா கையை விடு." காற்று திடீரென்று அடித்தால், பயம் வந்தால், என்ன நடந்தாலும் சரி, பாயைப் பிடித்திருக்கிற பூம் என்ற வளைந்த குழாயில் இருந்து கையை எடு. பாய் தன்பாட்டில் விழும், நீ பின்பக்கம் தண்ணியில் இருப்பாய். ஒன்றும் ஆகாது. நாங்கள் இதைப் பாடமாக்கினோம். கை தானாகவே விடுகிற அளவுக்கு உடம்பில் ஏறிவிட்டது.

அந்தப் பாடம் தான் பிறகு விலாவை உடைத்தது.

நாலாம் கிழமை அளவில் இரண்டு பேர் நேராகப் போய்த் திரும்பி வரக்கூடிய நிலைமைக்கு வந்துவிட்டினம். கை தான் தாங்கவில்லை. அதற்கு ஒரு வழி இருக்கு: ஹார்னஸ். இடுப்பில் கட்டுகிற அகலமான பட்டி, முன்னுக்கு ஒரு இரும்புக் கொழுக்கி. பூமில் தொங்குகிற கயிற்று வளையத்தில் கொழுக்கியை மாட்டினால், பாயின் இழுவையைக் கை விட்டு உடம்பு தாங்கும். மாட்டின முதல் நிமிடம் பறக்கிற மாதிரித் தான் இருந்தது என்று ஆள் சொன்னது. எங்களுக்குப் பொறாமை.

ஆனால் கொழுக்கி மாட்டியிருக்கும்போது நீங்கள் பாயோடு கட்டப்பட்டிருக்கிறீர்கள். அப்போது பழைய பாடம் தலைகீழ். பாய் முன்னுக்குத் தூக்கி எறிந்தால் கையை விடக்கூடாது. இறுக்கிப் பிடித்து, கையை நீட்டி, பூமுக்கும் நெஞ்சுக்கும் இடையில் தூரம் வைத்துக்கொண்டு பாயோடு சேர்ந்து போய் விழவேண்டும். நானா இதையும் சொன்னவர். கரையில் நின்று இரண்டு தரம் செய்தும் காட்டினவர். காது கேட்டது. கை கேட்கவில்லை.

அன்றைக்குப் பின்னேரம் காற்று கூடிக்கொண்டு போனது. தென்னைகளுக்கு மேலால் வாற காற்று ஒரே சீராக வராது, துண்டு துண்டாக வரும். ஒரு கணக்கு எங்களுக்குப் பிறகு தான் விளங்கியது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயில் அது தள்ளுகிற விசை நாலு மடங்காகும். பத்து நொட்டில் பிடித்து நின்ற அதே பாய் இருபதில் வேறொரு மிருகம். "இன்னும் ஒரே ஒரு ரவுண்ட்" என்று ஆள் திரும்பிப் போனது. நாங்கள் மூன்று பேரும் கரையில் நின்று வீடியோ எடுத்தோம்.

வீடியோவில் எல்லாம் இருக்கு. பலகை நல்ல வேகத்தில் வருது. பலகைக்குக் கீழே மீன் செட்டை மாதிரி ஒரு ஃபின் நீட்டிக்கொண்டிருக்கும். மணல் திட்டு ஒன்றில் அது தட்டுது. பலகை அந்த இடத்திலேயே நிற்குது. பாயும் மனுசரும் நிற்கவில்லை. ஆளின் இரண்டு கையும் விரிந்து காற்றில் போவது தெளிவாகத் தெரியும். முதல் கிழமைப் பாடம். கை விட்டது, கொழுக்கி விடவில்லை. உடம்பு அப்படியே சுழன்று போய் இடது பக்கம் பூமில் அடிபட்டது. வீடியோவில் எங்கள் சிரிப்பும் கேட்கும். ஒரு ஐந்து செக்கன் வரைக்கும் சிரிக்கிறோம். அதற்குப் பிறகு வீடியோவில் மணல் மட்டும் தான், ஃபோனைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறோம்.

ஆள் நெஞ்சளவுத் தண்ணியில் நின்றுகொண்டிருந்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. மூச்சு எடுக்கப் பார்க்குது, பாதியில் நிற்குது. கொழுக்கியைக் கழற்றி, பலகையில் சரித்து, நானாவும் நாங்களுமாகக் கரைக்கு இழுத்து வந்தோம். மூச்சு வந்தவுடன் ஆள் சொன்ன முதல் சொல், "வீட்ட சொல்லாதேங்கோ."

இரண்டாவது சொல், "ஒண்டும் இல்லை."

அன்றைக்கு இரவு படுக்க முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. தும்மல் வந்தால் கண்ணில் தண்ணி. அடுத்த நாள் காலை ஒரு வைத்தியசாலைக்குப் போனோம். வெளிநோயாளர் பிரிவில் நல்ல சனம். எக்ஸ்ரே எடுத்தார்கள். டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிங்களத்தில் சொன்னார். "கெடிலா நே" என்பது எங்களுக்கு விளங்கியது. உடையவில்லை. அதற்குப் பிறகு இன்னும் கொஞ்சம் சொன்னார், தன் நெஞ்சில் கையை வைத்து மூச்சை நன்றாக உள்ளே இழுத்துக் காட்டினார். நாங்கள் தலையாட்டினோம். ஆளும் அதே மாதிரி ஒரு தரம் இழுத்துக் காட்டியது, வலியில் முகம் கோணியது. சோதிக்கிறார் என்று நினைத்தோம். பனடோலும் இன்னொரு வலி மாத்திரையும் வாங்கிக்கொண்டு வந்தோம். எங்கள் நாலு பேரில் ஒருவர் ஓ.எல்லில் இரண்டாம் மொழிச் சிங்களத்துக்கு ஏ எடுத்தவர். அந்த ஏயைப் பற்றி நாங்கள் இப்போது கதைப்பதில்லை.

"உடையல்ல எண்டா நெரிவு" என்று சாச்சி முடிவெடுத்தா. பக்கத்து ஊரில் முறிவு நெரிவு வைத்தியர் ஒருவர் இருந்தார், வீட்டுக்கே வந்தார். தொட்டுப் பார்த்த உடனேயே "இது முறிவு" என்றார். இதை நீதியாகச் சொல்லவேண்டும்: எக்ஸ்ரே காட்டாததை அந்தக் கை கண்டுபிடித்தது. எண்ணெய் போட்டு, பத்துப் போட்டு, நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டுப் போனார். கட்டினவுடன் ஆளுக்குச் சுகம். முதல் தரமாக நிமிர்ந்து இருந்து சோறு சாப்பிட்டது. கட்டு தளர்ந்தால் நாங்களே திரும்ப இறுக்கினோம். இன்னும் இறுக்கு, இன்னும் இறுக்கு என்று ஆளே கேட்டது. ஒரு பக்கம் ஒருவர் பிடிக்க, மற்றப் பக்கம் ஒருவர் இழுக்க, ஒரு சாரியின் பாதி.

கையோ காலோ முறிந்தால் கட்டி அசையாமல் வைப்பது சரி. விலா அப்படி இல்லை. பன்னிரண்டு சோடி விலாவும் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தரம் விரிந்து சுருங்கவேண்டிய எலும்புகள். இறுக்கிக் கட்டினால் வலி குறையும் தான், ஏனென்றால் நெஞ்சு விரியாது. நெஞ்சு விரியாவிட்டால் சுவாசப்பையின் அடிப்பக்கத்துக்குக் காற்றுப் போகாது. இருமினால் நோகும் என்று இருமலையும் அடக்கினால் சளி அங்கேயே தேங்கும். கிருமிக்கு அது போதும். இதெல்லாம் எங்களுக்கு ஐந்தாம் நாள் தெரிய வந்தது.

அந்த நாலு நாளும் வீட்டுக்கு வீடியோ கோல் எடுக்கும்போது ஆளைத் தலையணையில் சாய்த்து வைத்தோம், கட்டுத் தெரியாமல் போர்வை போட்டோம். மூன்றாம் நாள் ஆளின் அம்மா கேட்டா, "ஏன் மூச்சை எண்ணி எண்ணிக் கதைக்கிறாய்?" "தடிமன் அம்மா." "கடற்காத்து. நான் அப்பவே சொன்னனான்." ஃபோனை வைத்தபிறகு ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் விடியக் காய்ச்சல். உடம்பு கொதிக்குது, மூச்சு நாய் இளைக்கிற மாதிரிச் சின்னச் சின்னதாக வருது. நாங்கள் அப்போதும் பனடோல் கொடுத்து மத்தியானம் வரைக்கும் பார்ப்போம் என்றுதான் நினைத்தோம். சாச்சி தான் கட்டைத் தன் கையால் வெட்டிவிட்டு ஓட்டோவைக் கூப்பிட்டா. இந்த முறை வேறொரு வைத்தியசாலை. வார்டில் போட்டார்கள். சுவாசப்பையின் கீழ்ப்பக்கத்தில் நிமோனியா தொடங்கியிருந்தது. நாலு நாள் ஊசி மருந்து.

அங்கே தமிழ் கதைக்கிற தாதி ஒருவர் இருந்தா. கட்டின தடத்தைப் பார்த்துவிட்டு ஏசவில்லை. "மணித்தியாலத்துக்குப் பத்து மூச்சு. அடிவயிறு வரைக்கும். நோகும், நொந்தாலும் எடுக்கவேணும். இருமேக்க தலையணையை நெஞ்சோட கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருமுங்கோ. வலி மாத்திரை ஏன் தாறது தெரியுமா? வலி இல்லாமல் படுக்கிறதுக்கு இல்லை, மூச்சு எடுக்கிறதுக்கு." பிறகு தன் நெஞ்சில் கையை வைத்து மூச்சை நன்றாக உள்ளே இழுத்துக் காட்டினா.

எங்களில் ஏ எடுத்தவர் எழும்பி வெளியே போய்விட்டார். போய்ப் பார்த்தபோது கொரிடோரில் நின்றுகொண்டிருந்தார். முதல் டொக்டர் சொன்னதும் இது தான். கையைக் காலை ஆட்டியாவது திருப்பிக் கேட்டிருக்கலாம். விளங்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டோம்.

எக்ஸ்ரேயில் ஏன் தெரியவில்லை என்றும் அங்கே தான் கேட்டோம். சின்ன வெடிப்பு முதல் நாட்களில் படத்தில் தப்பிவிடுமாம். விலாவையும் நடு நெஞ்செலும்பையும் சேர்க்கிற கசியிழையத்தில் காயம் என்றால் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாது. தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் வைத்தியம் ஒன்று தானாம், அதனால் பெரிதாகத் தேடவும் மாட்டார்களாம். மூன்று கிழமைக்குப் பிறகு கிளினிக்கில் எடுத்த படத்தில் இடது பக்க எட்டாவது விலாவில் சின்னதாக ஒரு முடிச்சு மாதிரித் தெரிந்தது. உடைந்தது படத்தில் விழவில்லை, ஒட்டினது தான் விழுந்தது. "அது வெடிச்சுத் தான் இருந்திருக்கு" என்றார்கள். முறிவு வைத்தியரை நினைத்துக்கொண்டோம். அவருக்குப் போய்ச் சொல்லவேண்டும் என்று இருக்கு. முறிவைக் கண்டுபிடித்தது சரி என்றும், கட்டினது பிழை என்றும். இரண்டாவதை எப்படிச் சொல்வது என்று தான் தெரியவில்லை, வயது போன மனுசன்.

தப்பினோம் என்று தான் சொல்லவேண்டும். விலா முனை சுவாசப்பையைக் குத்தினால் நெஞ்சறைக்குள் காற்று நிறைந்து சுவாசப்பை சுருங்கிவிடும். இடது பக்கத்தின் கீழ் விலாக்களுக்குப் பின்னால் மண்ணீரல் இருக்கு, அதில் அடிபட்டால் உள்ளுக்குள்ளேயே இரத்தம் போகும். மூச்சுத் திணறல் கூடிக்கொண்டு போனால், இருமும்போது இரத்தம் வந்தால், காய்ச்சல் வந்தால், வயிறோ இடது தோளோ நொந்தால், தலை சுற்றி மயக்கம் வந்தால் உடனே ஓடவேண்டும். நாங்கள் மத்தியானம் வரைக்கும் பார்ப்போம் என்றவர்கள். இதை வாசிக்கிற நீங்கள் அப்படிப் பார்க்கவேண்டாம்.

சாச்சி ஒரு நிபந்தனை வைத்தா. "நானாப் போய்ச் சொல்ல மாட்டன். ஆனா கேட்டா பொய் சொல்ல மாட்டன். பொய்க்கு நான் கூட்டு இல்ல." ஒருவரும் அவவிடம் கேட்கவில்லை. எங்கள் அம்மாமாருக்கு அவவின் நம்பர் இருக்கு, பெருநாளைக்கு வாழ்த்தும் சொன்னார்கள். கேட்க நினைக்கவில்லை.

யூலையில் கம்பஸ் திறந்தது. ஆள் பையைத் தூக்காமல் இருக்க நாங்கள் முறை வைத்துத் தூக்கினோம். விடுதியில் மணித்தியாலத்துக்கு ஒரு தரம் ஃபோனில் அலாரம் அடிக்கும், விரிவுரை நடந்தாலும் மேசைக்குக் கீழே வைபிறேற் பண்ணும், ஆள் பத்து மூச்சு எடுக்கும், நாங்களும் சேர்ந்து எடுப்போம். தியானம் செய்கிறோம் என்று பின்வாங்குப் பெடியள் பகிடி பண்ணினார்கள். சிரிப்பு மூட்டுகிற ஆட்களை ஆளுக்குப் பக்கத்தில் இருக்க விடவில்லை, இதில் எங்களுக்குள்ளேயே ஒருவரைத் தள்ளிவைக்கவேண்டி வந்தது. ஆறு கிழமை என்றார்கள், எட்டாம் கிழமையிலும் தும்மல் வரும் போல இருந்தால் ஆள் புத்தகப் பையை நெஞ்சோடு கட்டிப்பிடிக்கும்.

நானா போன மாதம் மெசேஜ் போட்டிருந்தார். நெஞ்சில் மெத்தை வைத்த அங்கி இரண்டு வாங்கி வைத்திருக்கிறாராம். இடுப்பில் கட்டுகிற ஹார்னஸ் மேலே ஏறி விலாவில் முட்டுது என்று, தொடையோடு சேர்த்துக் கட்டுகிற மாதிரி ஒன்றும் எடுத்திருக்கிறாராம். மணல் திட்டில் ஒரு கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருக்கிற படத்தையும் அனுப்பியிருந்தார். நாங்கள் அவரில் ஒரு நாளும் பிழை சொல்லவில்லை. அவர் தன்னில் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று அந்தப் படத்தில் தெரிந்தது.

இந்தச் சோளகத்துக்கு நாலு பேரும் போறதா என்று இன்னும் முடிவில்லை. மூன்று பேர் ஓம் என்கிறோம், ஒருவர் இல்லை. வேண்டாம் என்கிற ஆள் விழுந்த ஆள் இல்லை. வீடியோ எடுத்த ஆள்.